வீட்டுப் பட்டறையில் இரும்பு வெட்ட எந்த ஆங்கிள் கிரைண்டர் வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடிப்படிக்கு அடியிலோ கார் ஷெட்டின் ஓரத்திலோ ஒரு மேசையும் வைஸும் போட்டுக்கொண்டு, செடி ஸ்டாண்ட், ஜன்னல் கிரில், கேட் தாழ்ப்பாள் என்று சொந்த வேலைகளைச் செய்துகொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெல்டிங் பட்டறையில் நாள் முழுக்க வெட்டுகிறவருக்கு வேண்டிய மிஷின் வேறு, இவர்களுக்கு வேண்டியது வேறு. பட்டறையில் ஏதாவது ஆனால் ஓடிவர நாலு பேர் இருப்பார்கள். வீட்டிலோ ஞாயிற்றுக்கிழமை மதியம் தனியாகத்தான் வெட்டுவோம். அதனால் கீழே உள்ள பதில்களில் வேகத்துக்கு இரண்டாம் இடம்தான். மிஷின் கையில் அடங்குகிறதா, டிஸ்க்கை மறைக்கும் பாதுகாப்பு மூடியைக் கழற்றாமலே வேலை முடிகிறதா என்பதற்குத்தான் முதலிடம்.

முதல் மிஷின் வாங்குகிறேன். 4 இன்ச்சா, 5 இன்ச்சா, 7 இன்ச்சா?

4 இன்ச். அதாவது 100 மி.மீ. டிஸ்க் போடும் மிஷின். கடையில் "ஏஜி ஃபோர்" என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். எடை ஒன்றரை முதல் இரண்டு கிலோவுக்குள் இருக்கும். டிஸ்க் எந்த ஊர் ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். நல்ல கம்பெனி மிஷின் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

இதன் குறை வெட்டும் ஆழம்தான். டிஸ்க்கின் நடுப்பகுதியை நட்டும் கியர் தலையும் (டிஸ்க் மாட்டும் முன்பகுதி) அடைத்துக்கொள்வதால் ஏறக்குறைய 25 மி.மீ. ஆழம்தான் கிடைக்கும். வீட்டு வேலைக்கு அது போதும். 25 மி.மீ. ஆங்கிள் (எல் வடிவ இரும்பு), ஒரு இன்ச் பட்டை, 8 அல்லது 10 மி.மீ. முறுக்குக் கம்பி எல்லாம் ஒரே வெட்டில் போய்விடும். 2 இன்ச் ஸ்கொயர் பைப் என்றால் நாலு பக்கமும் கோடு போட்டு, பக்கம் பக்கமாகத் திருப்பி வெட்ட வேண்டும். பைப்பின் சுவர் 2 மி.மீ.தானே, ஆழம் அங்கே ஒரு பிரச்சினையே இல்லை.

5 இன்ச் மிஷினில் கூடுதலாக ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஆழம் கிடைக்கும். அடிக்கடி 40 மி.மீ. ஆங்கிள் வெட்டுகிறவர்கள் யோசிக்கலாம். ஆனால் அதன் டிஸ்க் துளை 22.23 மி.மீ., 4 இன்ச்சுக்கு 16 மி.மீ. ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்குச் சேராது. சின்ன ஊர்களில் 5 இன்ச் டிஸ்க்கைத் தேடி அலைய வேண்டியும் வரும்.

7 இன்ச் வேண்டவே வேண்டாம். நாலு ஐந்து கிலோ எடை, 2,000 வாட்ஸுக்கு மேல் இழுவை. டிஸ்க் சிக்கிக்கொண்டால் அதன் உதறலைத் தாங்கப் பழகிய கை வேண்டும்.

எத்தனை வாட்ஸ் போதும்?

650-லிருந்து 900 வாட்ஸ் வரை. எப்போதாவது வெட்டுகிறவருக்கு 650, மாதத்தில் பல நாள் வேலை இருப்பவருக்கு 850.

லேபிளில் போட்டிருப்பது கரண்டிலிருந்து மிஷின் இழுக்கும் வாட்ஸ். டிஸ்க்குக்குப் போய்ச்சேரும் சக்தி ஏறக்குறைய அதில் பாதி, நல்ல மிஷினில் கொஞ்சம் அதிகம். மீதி சூடாகவும் சத்தமாகவும் போய்விடும். ஆகவே பெயர் தெரியாத மிஷினில் 1,200 வாட்ஸ் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். கியர் தலை வார்ப்பு உறுதியாக இருக்கிறதா, கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் கரண்ட் கடத்தும், தேயும் கரித்துண்டு) வெளியிலிருந்தே மாற்ற முடிகிறதா, ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பகுதி), சுவிட்ச் போன்ற சாமான்கள் உங்கள் ஊரில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். சர்வீஸ் சென்டர் உள்ள கம்பெனியின் 670 வாட்ஸ் மிஷின் அதைவிட நெடுநாள் உழைக்கும்.

சுவிட்சில் என்ன வித்தியாசம்? எல்லாம் ஆன், ஆஃப்தானே?

இல்லை. வாங்கும்போது பலரும் கேட்காமல் விடுவது இதைத்தான். என்னைக் கேட்டால் வாட்ஸைவிட முக்கியம்.

பெரும்பாலான 4 இன்ச் மிஷின்களில் கட்டைவிரலால் முன்னால் தள்ளினால் அப்படியே நின்றுகொள்ளும் தள்ளு சுவிட்ச் இருக்கும். கை எடுத்தாலும் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். வெட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது என்று வையுங்கள். மிஷின் நிற்கிறது. நீங்கள் அதைத் தரையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிறீர்கள், சுவிட்ச் ஆனிலேயே இருக்கிறது. கரண்ட் வந்ததும் நிமிடத்துக்கு 11,000 சுற்றில், பிடிக்க ஆளில்லாமல், தரையில் துள்ளத் தொடங்கும். வயரையும் வெட்டும், பக்கத்தில் நிற்கும் காலையும் வெட்டும்.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, மிஷினின் அடியில் நீளமாக இருக்கும் அழுத்து சுவிட்ச். அழுத்திப் பிடித்திருக்கும் வரை ஓடும், விட்டால் நின்றுவிடும். சிலவற்றில் அதையும் பூட்டி வைக்கும் பொத்தான் இருக்கும், பூட்டு இல்லாததாகப் பாருங்கள். இன்னொன்று, கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாதபடி உள்ளேயே தடுப்பு வைத்த மிஷின். அதில் சுவிட்சை ஒருமுறை ஆஃப் செய்து மறுபடி போட்டால்தான் ஓடும். பெட்டியில் "ரீஸ்டார்ட் புரொடெக்ஷன்" என்று எழுதியிருக்கும். சில நூறு ரூபாய் கூடுதலானாலும் இந்த இரண்டில் ஒன்றை வாங்குங்கள். ஏற்கெனவே தள்ளு சுவிட்ச் மிஷின் வைத்திருப்பவர்கள், கரண்ட் போன உடனே முதல் காரியமாகப் பிளக்கைப் பிடுங்குவதைப் பழக்கமாக்க வேண்டும்.

டைல்ஸ் வெட்டும் மார்பிள் கட்டர் வீட்டில் இருக்கிறது. அதிலேயே இரும்பு டிஸ்க் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. அது டைமண்ட் பிளேடுக்காகச் செய்தது. அதன் மூடி கல்லை வெட்டும் பிளேடுக்கு ஏற்ற வடிவம், உடைந்து சிதறக்கூடிய டிஸ்க்கை அடக்குவதற்கானது அல்ல. துளை அளவும் பெரும்பாலும் சேராது. வாஷர் வைத்து ஒப்பேற்றினால் டிஸ்க் மையம் விலகி ஆடும். பிளேட்டை நேராகத் தள்ளுவதற்கான அடித்தகடு உருண்ட கம்பியிலும் ஆங்கிளிலும் நிற்காது.

4 இன்ச் மிஷினில் மூடியைக் கழற்றிவிட்டுப் பெரிய டிஸ்க் போட்டால் ஆழம் கிடைக்குமே?

கிடைக்கும். உயிரும் போகலாம். சாதாரண வெட்டும் டிஸ்க்கில் 80 மீ/வி என்று அச்சிட்டிருக்கும். அதன் விளிம்பு ஒரு நொடியில் போகக்கூடிய உச்ச வேகம் அது. 100 மி.மீ. டிஸ்க் 11,000 சுற்றில் ஓடும்போது விளிம்பு வேகம் ஏறக்குறைய 58 மீட்டர், வரம்புக்குள் இருக்கிறது. அதே மிஷினில் 180 மி.மீ. டிஸ்க் போட்டால் 104 மீட்டரைத் தொடும். டிஸ்க் தாங்காது. 180 மி.மீ. மிஷின்கள் 8,500 சுற்றையோ அதற்கும் குறைவாகவோ கொண்டிருப்பது இதற்காகத்தான்.

மரம் அறுக்கும் பல் வைத்த பிளேடை கிரைண்டரில் மாட்டுவதும் இதே வகை. மரத்திலும் கூடாது, இரும்பில் நினைக்கவே கூடாது. பல் கடித்துக்கொண்ட நொடியில் மிஷின் கையை விட்டு எகிறும்.

வெட்டுவதற்கு எந்த டிஸ்க்? கடையில் பத்து வகை காட்டுகிறார்களே.

இரும்புக்கு 1 மி.மீ. அல்லது 1.2 மி.மீ. தடிமன் உள்ள மெல்லிய டிஸ்க். மெல்லியது வேகமாக வெட்டும், சூடு குறைவு, பிசிறு குறைவு, மிஷினுக்கும் சிரமம் இல்லை. தடித்தது நெடுநாள் வரும் என்று 3 மி.மீ. வாங்குகிறவர்கள் உண்டு. அது வெட்டும் ஒவ்வொரு முறையும் மூன்று மடங்கு இரும்பைத் தூளாக்க வேண்டும், சின்ன மிஷின் திணறும்.

டிஸ்க் மீது ஏ 60 டி பிஎஃப் என்பதுபோல ஒரு குறியீடு இருக்கும். முதல் எழுத்து ஏ என்றால் அலுமினியம் ஆக்ஸைடு, இரும்புக்கானது. சி என்றால் சிலிக்கன் கார்பைடு, கல்லுக்கும் கான்கிரீட்டுக்குமானது. நடுவில் உள்ள எண் டிஸ்க்கில் உள்ள அரைக்கும் மணலின் பொடித்தனம்: எண் கூடக் கூட மணல் பொடியாகும். அடுத்த எழுத்து டிஸ்க் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும். பிஎஃப் என்றால் பேக்கலைட் பிசினில், உள்ளே கண்ணாடி நார் வலை வைத்துச் செய்தது. வலை இல்லாத வெட்டும் டிஸ்க்கைக் கையால் பிடிக்கும் மிஷினில் போடவே கூடாது. இந்த எழுத்துகளும், மீ/வி வேகமும், உச்சச் சுற்றும் எதுவும் அச்சிடாத டிஸ்க் பத்து ரூபாய்க்குக் கிடைத்தாலும் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நல்ல டிஸ்க்குக்கும் அதற்கும் சில ரூபாய்தான் வித்தியாசம்.

1 மி.மீ. டிஸ்க்கை வைத்துப் பக்கவாட்டில் பிசிறு தேய்ப்பதைப் பல பட்டறைகளில் பார்க்கலாம். அப்படித் தேய்க்கும்போது உள்வலை கொஞ்சம் கொஞ்சமாக முறிகிறது. அடுத்த வெட்டில் சிதறுவது அந்த டிஸ்க்தான். பிசிறுக்குத் தனியாக 6 மி.மீ. கிரைண்டிங் டிஸ்க்கோ, எமரி இதழ் அடுக்கிய ஃபிளாப் டிஸ்க்கோ வாங்கி வையுங்கள். வீட்டு வேலைக்கு ஃபிளாப் டிஸ்க்கைத்தான் சொல்வேன். சத்தமும் அதிர்வும் குறைவு, பெயின்ட் அடிக்கும் அளவுக்கு மழுமழுப்பு வரும்.

இப்போது இரும்பு வெட்டும் டைமண்ட் டிஸ்க்கும் வருகிறது. எஃகுத் தட்டின் விளிம்பில் துகள் பதித்தது. தேய்ந்து சிறுக்காது, உடைந்து பறக்கும் பயம் குறைவு. விலை அதிகம், வேகம் கொஞ்சம் மந்தம். பழைய கிரில், துருப்பிடித்த போல்ட் என்று கலந்து வெட்டுகிறவர்களுக்கு நல்ல துணை.

டிஸ்க்குக்கு எக்ஸ்பைரி தேதி உண்டாமே?

உண்டு. நடுவில் உள்ள உலோக வளையத்தில் மாதமும் வருடமும் பொறித்திருப்பார்கள். பிசினில் கட்டிய டிஸ்க்குக்குத் தயாரித்ததிலிருந்து 3 வருடம். பிசின் ஈரத்தை உறிஞ்சி வலுவிழக்கும் என்பதுதான் காரணம். கடற்கரை ஊர்களில் வசிப்பவர்களும், மழைக்காலத்தில் ஒழுகும் ஷெட் வைத்திருப்பவர்களும் டிஸ்க்கை மூடியுள்ள டப்பாவில் படுக்கையாக அடுக்கி வையுங்கள். ஐம்பது டிஸ்க் பெட்டியாக மலிவு என்று வாங்கினால் வீட்டில் தேதிக்குள் தீராது. ஐந்தும் பத்துமாக வாங்குவது நல்லது. கீழே விழுந்த டிஸ்க், விரிசல் தெரியாவிட்டாலும், குப்பைக்குத்தான்.

எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு), அலுமினியம், ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) எல்லாவற்றுக்கும் ஒரே டிஸ்க் போதுமா?

எஸ்.எஸ். குழாய்க்கு "ஐநாக்ஸ்" என்று எழுதிய டிஸ்க்கை வாங்கி, எஸ்.எஸ்.ஸுக்கு மட்டும் என்று பேனாவால் எழுதி ஒதுக்கி வையுங்கள். சாதாரண இரும்பை வெட்டிய டிஸ்க்கால் எஸ்.எஸ்.ஸை வெட்டினால் இரும்புத் துகள் அதில் பதிந்து சில வாரத்தில் துருப்புள்ளி தெரியும். "எஸ்.எஸ். என்று கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பாதி இதனால் வருவது.

அலுமினியம் மென்மையானது. டிஸ்க்கின் மணல் இடுக்கில் உருகி அடைத்துக்கொள்ளும், டிஸ்க் வெட்டாமல் உரசிச் சூடேறும். அதற்கென்று வரும் டிஸ்க்கைப் போடுங்கள். ஒன்றிரண்டு வெட்டுதான் என்றால் ஹேக்சா பிளேடு போதும், பத்து நிமிட வேலை.

ஜி.ஐ. பைப்பைச் சாதாரண டிஸ்க்கே வெட்டும். ஆனால் மேலே இருக்கும் துத்தநாகப் பூச்சு சூட்டில் புகையாகிறது. மூடிய அறையில் அதை நிறைய சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று வெட்டுங்கள். பால் குடித்தால் சரியாகும் என்ற நம்பிக்கை வெல்டர்களிடம் இருக்கிறது. புகையை விட்டு விலகி நிற்பதுதான் காக்கும்.

வெட்டிக்கொண்டிருக்கும்போது மிஷின் திடீரென எகிறுகிறது. மிஷினில் கோளாறா?

அநேகமாக இல்லை, வெட்டப்படும் இரும்பை வைத்த விதத்தில்தான் கோளாறு. பைப்பின் இரண்டு முனையையும் செங்கல் மேல் வைத்து நடுவில் வெட்டினால், வெட்டு ஆழமாகும்போது நடுப்பகுதி தொய்ந்து, வெட்டிய பிளவு மேலே மூடிக்கொள்ளும். டிஸ்க் இரண்டு உதட்டுக்கு நடுவே சிக்கும். சுழல முடியாத சக்தி முழுவதும் மிஷினை உங்கள் பக்கமாகத் தூக்கி எறியும்.

செய்ய வேண்டியது இதுதான். வேண்டிய பக்கத்தை வைஸிலோ இரண்டு சி-கிளாம்ப்பிலோ இறுக்குங்கள். வெட்டி விழப்போகும் பக்கம் தாங்கல் இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். வெட்ட வெட்ட அது தன் எடையால் சாய்ந்து பிளவைத் திறந்து வைக்கும். நீளமான துண்டாக இருந்தால் மட்டும் முனையில் லேசாக ஒரு முட்டு. காலால் மிதித்துக்கொண்டு வெட்டுவதை அறவே விடுங்கள்.

கியர் தலையில் ஒரு அம்புக்குறி இருக்கும், டிஸ்க் சுற்றும் திசை அது. டிஸ்க் இரும்பைத் தொடும் இடத்தில் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதே பக்கமாக மிஷினை நகர்த்த வேண்டும். எதிர்த் திசையில் நகர்த்தினால் மிஷின் தானாக இழுத்துக்கொண்டு வெட்டை விட்டுத் தாவப் பார்க்கும். இரண்டு கையாலும் பிடியுங்கள், பக்கக் கைப்பிடியைத் திருகாமல் பிளக்கைப் போடாதீர்கள். டிஸ்க்கின் நேர்கோட்டில் முகமோ கழுத்தோ இருக்கக் கூடாது, அரை அடி தள்ளி நில்லுங்கள். அழுத்தம் வேண்டாம், மிஷினின் எடையே வெட்டும். சத்தம் இறங்கினால் அழுத்துகிறீர்கள் என்று பொருள்.

மூடியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். பெட்டியோடு வருவது பெரும்பாலும் கீழ்ப்பக்கம் திறந்த மூடி, தேய்ப்பதற்கானது. வெட்டுவதற்கு டிஸ்க்கின் இரண்டு பக்கமும் மறைக்கும் மூடி தனியாகக் கிடைக்கும். மிஷின் வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

வீட்டு பிளக் பாயின்ட் தாங்குமா? இன்வெர்ட்டரில் ஓடுமா?

சின்ன பிளக் பாயின்ட் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் கணக்குப் பார்த்தால் 1,380 வாட்ஸ் வரும். 850 வாட்ஸ் மிஷின் தாராளமாக ஓடும். எக்ஸ்டென்ஷன் வயர் 1.5 சதுர மி.மீ. செம்பாக இருக்கட்டும். டிவிக்கு வாங்கிய மெல்லிய வயரில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும். சுருளாக இருக்கும் வயரை முழுக்க விரித்துவிட்டு ஓட்டுங்கள். இரட்டைக் காப்பு மிஷினில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கும், அதற்கு எர்த் வயர் வராது, இரண்டு பின் பிளக்தான். பயப்பட வேண்டாம். ஆனால் வீட்டு போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருப்பது அவசியம். வெட்டும் கையருகே வயர் கிடக்கும் வேலை இது.

இன்வெர்ட்டர் வேண்டாம். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட்டில் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் தடுமாறும்.

பேட்டரி மிஷின் நல்லதா?

ஏற்கெனவே அதே கம்பெனியின் 18 வோல்ட் டிரில் வைத்திருந்தால் நல்லது. 4 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் 72 வாட்-ஹவர் சக்தி இருக்கிறது. விடாமல் 500 வாட்ஸ் இழுத்து வெட்டினால் எட்டு ஒன்பது நிமிடத்தில் காலி. மாடியில் ஒரு கம்பி, கேட்டில் ஒரு போல்ட் என்றால் அது போதும். கிரில் செய்ய உட்கார்ந்தால் வயர் மிஷின்தான்.

கண்ணாடி, கையுறை எல்லாம் கட்டாயமா?

கட்டாயம். பக்கமும் மூடிய கண்ணாடி, அதன் மேல் முகக்கவசத் தகடு. சாதாரண பவர் கண்ணாடி கணக்கில் வராது. கண்ணில் இரும்புத் துகள் பட்டால் தேய்க்காதீர்கள், துணி முனையால் எடுக்க விடாதீர்கள். சில மணி நேரத்திலேயே கருவிழியில் துகளைச் சுற்றித் துரு வளையம் படியத் தொடங்கும். அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விட வேண்டும். காதுக்கு அடைப்பான், மூக்குக்கு என்95 மாஸ்க். தோல் கையுறை, இறுக்கமான பருத்திச் சட்டை, ஷூ. லுங்கி, துண்டு, நைலான் டீ-ஷர்ட் எதுவும் ஆகாது.

எங்கே வைத்து வெட்டுவது?

தீப்பொறி பல அடி தூரம் போகும். அந்தத் திசையில் பெட்ரோல் உள்ள பைக், கேஸ் சிலிண்டர், இன்வெர்ட்டர் பேட்டரி, பெயின்ட் டப்பா, தேங்காய் நார் மூட்டை எதுவும் இருக்கக் கூடாது. ஜன்னல் கண்ணாடியும் தரை டைல்ஸும் கூட நாசமாகும். சூடான துகள் அதில் உருகி ஒட்டி, பின்னால் துருப்புள்ளியாகும், துடைத்தாலும் போகாது. காரை வெளியே எடுத்துவிட்டு வெட்டுங்கள். வேலை முடிந்தபின் அரை மணி நேரம் அந்த இடத்திலேயே இருந்து, புகை வாசம் வருகிறதா என்று பாருங்கள்.

நேர்க்கோணத்தில் நிறைய துண்டு வெட்ட வேண்டும். ஸ்டாண்டு வாங்கி கிரைண்டரை மாட்டலாமா?

மலிவான ஸ்டாண்டுகளின் மூட்டு ஆடும், வெட்டும் கோணலாகும், டிஸ்க்கும் வளைந்து நெருக்கும். பத்து இருபது துண்டு என்றால் மூலைமட்டம் வைத்துக் கோடு கிழித்துக் கையாலேயே வெட்டலாம். நூறு துண்டு என்றால் 14 இன்ச் சாப் சா (மேலிருந்து இறக்கி வெட்டும் பெரிய மிஷின்) வைத்திருக்கும் வெல்டிங் பட்டறையில் கொடுத்தால் வெட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு அரை மணியில் முடித்துத் தருவார்கள்.

பழைய மிஷின் மலிவாக வருகிறது. வாங்கலாமா?

முதலில் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதன் அசல் மூடி கிடைக்குமா என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டிஸ்க் மாட்டும் முனைத்தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் போயிற்று. டிஸ்க் கழற்றும்போது அழுத்தும் பூட்டுப் பொத்தான் ஒழுங்காகப் பிடிக்க வேண்டும். ஓடும் மிஷினில் யாராவது அதை அழுத்தியிருந்தால் கியர் பல் உடைந்திருக்கும், கரகரவென்று கேட்கும். பிறகு டிஸ்க் இல்லாமல் ஓடவிட்டுக் காற்றுத் துளை வழியே பாருங்கள். கார்பன் பிரஷ் தொடும் இடத்தில் சின்ன நீலப்பொறி சகஜம். வட்டமாக நெருப்பு சுற்றினால் ஆர்மேச்சர் செலவு வரும். வயர் மிஷினுக்குள் நுழையும் இடத்தில் டேப் சுற்றியிருந்தால் புது வயர் மாற்றும் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள். வாங்கி வந்ததும் புது டிஸ்க் போட்டு, மெல்லிய டிஸ்க்குக்கு நட்டின் தட்டையான பக்கம் டிஸ்க்கைத் தொடும்படி திருப்பி இறுக்கி, எதையும் வெட்டாமல் ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டுப் பாருங்கள்.